இறக்கி வைத்த கனம்

சஷ்வந்த் என் கையில் செத்துப்போன அன்று எட்டு மணி நேரம் தூங்கினேன். மறுநாள் காலையில் வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அழுவதைப் பார்த்து என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் பெயர் இந்துமதி. மயக்க டாக்டர். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக வேலை. ஆபரேஷன் முடிந்ததும் எல்லோரும் அறுத்தவருக்குத்தான் கைகொடுப்பார்கள். தூங்க வைத்து, மூச்சை ஓட்டி, திரும்ப எழுப்பிக் கொடுத்தவளை யாரும் விசாரிப்பதில்லை. ஏதாவது தப்பு நடந்தால் மட்டும் விசாரிப்பார்கள். இதைச் சொல்லிச் சொல்லியே சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியவள் நான்.

சஷ்வந்துக்கு ஐந்து வயது. எட்டுப் பல் சொத்தை. அந்த வயசுப் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு அசையாமல் உட்காராது என்பதால் மயக்கம் கொடுத்துத்தான் பல் வேலை செய்வோம். அப்போது ரத்தமும் தண்ணீரும் நுரையீரலுக்குள் இறங்காமலிருக்கத் தொண்டைக்குள் ஒரு ஈரத் துணிச்சுருளை வைப்போம். அதற்குப் பெயர் பேக். வைப்பதும் நான், எடுப்பதும் நான். நர்ஸ் எண்ணுகிற பஞ்சுகளோடு அது சேராது. அதனால் எங்கள் தியேட்டரில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். வெள்ளை பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து, அதில் 'பேக்' என்று எழுதி, பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிடுவோம். கடைசியில் மூச்சுக் குழாயை உருவக் குனியும்போது அது கண்ணில் பட்டே தீரும்.

அவன் நெற்றி நிறையத் திருநீறு. நடுவே கன்னங்கரேலென்று ஒரு மைப்பொட்டு. வழக்கமாக நர்ஸ் ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவாள். அன்றைக்கு அவனுடைய அம்மா வளர்மதி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், மருதமலைத் திருநீறுங்க. அத மட்டும் அழிச்சுராதீங்க. என்ற பையன் முழிக்கறப்ப அது இருக்கோணுமுங்க."

ஒரு நாளாவது சிடுசிடுக்காமல் இருப்போமே என்று தோன்றியது. "சரிம்மா, தொடமாட்டேன்" என்றேன். பிளாஸ்டரை அவனுடைய இடது மணிக்கட்டில் ஒட்டினேன். ஐந்து நிமிடத்தில் பச்சைத் துணியைப் போர்த்தினார்கள். கை உள்ளே போய்விட்டது.

ஒன்றரை மணி நேரத்தில் பல் வேலை முடிந்தது. நான் குனிந்தேன். நெற்றியில் திருநீறு இருந்தது, பிளாஸ்டர் இல்லை. குழாயை உருவினேன். மார்பு ஏறி இறங்கியது, ஆனால் காற்று போகவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சில சமயம் குரல்வளை இறுகிக்கொள்ளும். அதுதான் என்று நினைத்து மாஸ்க்கை வைத்து அழுத்தினேன், அதற்குரிய மருந்தையும் கொடுத்தேன். வாயைத் திறந்து வெளிச்சம் அடித்துப் பார்த்துத் துணியை இழுத்தபோது ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. இதயம் நின்றுவிட்டது. நாற்பது நிமிடம் போராடினோம். திருநீறு கலையவே இல்லை.

அடுத்த கேஸுக்காகத் தரை துடைக்க வந்த மயிலாத்தாள் (எங்களுக்கெல்லாம் மயிலக்கா), வாளியும் கையுமாக மூலையில் நின்று அவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரத்துக்குள் என்னை ஊழியர் நல மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். அதுதான் விதி. அந்த மையம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதைச் சும்மா குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன்பு நாங்கள் பட்ட பாடு அப்படி. ஒரு பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போன பிறகு கத்தியைத் தொடவே மாட்டேன் என்று போன சர்ஜன் ஒருவர் இன்றைக்கும் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. இரண்டு நர்ஸுகள் வேலையை விட்டார்கள். ஒரு சின்ன டாக்டர் உயிரையே விட்டான். நோயாளியைக் காப்பாற்ற ஆயிரம் கருவி இருக்கிறது, நம்மைக் காப்பாற்ற எதுவும் இல்லையே என்று கூட்டம் போட்டுக் கத்தியவர்களில் நானும் ஒருத்தி.

மையத்தின் தலைவர் டாக்டர் ஜெரால்டு என் தலையில் வயர்கள் தொங்கும் ஒரு தொப்பியை மாட்டினார். முடிவெட்டும் கடைக்காரரைப் போலப் பேசிக்கொண்டே வேலை பார்ப்பவர்.

"மறக்க வைக்க மாட்டோம் மேடம். நடந்தது எல்லாம் ஞாபகம் இருக்கும். அந்த நடுக்கம் மட்டும் போயிடும்."

"எங்க போகும்?"

"அழிக்க முடியாது. அழிச்சுப் பாத்தாங்க, ஆளே மந்தமாயிட்டாங்க. இன்னொருத்தர் மூளையில இறக்கி வைக்கத்தான் முடியும். அதோட ஒட்டின ஞாபகமும் கொஞ்சம் அவங்களுக்குள்ள போகும். அவங்களும் அதே ரூம்ல, அதே நேரத்துல இருந்திருக்கணும். அதே வாடை, அதே சத்தம் அவங்களுக்குள்ளயும் பதிஞ்சிருந்தாத்தான் ஒட்டும்."

"யாரு வாங்கிக்கறாங்க?"

"துணையாளர்னு பேரு. சம்மதக் கையெழுத்து வாங்கிடுவோம். மூணு நாள் லீவும் உண்டு."

பக்கத்து நாற்காலியில் மயிலக்கா ஏற்கனவே தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். அறையில் இருந்த யார் வேண்டுமானாலும் துணையாளர் ஆகலாம் என்றுதான் விதியில் இருக்கிறது. ஆனால் டாக்டர்களுக்கு மறுநாள் கேஸ் இருக்கும். நர்ஸுகளுக்கு ஏற்கனவே ஆள் பற்றாக்குறை. கடைசியில் மிஞ்சுவது தரை துடைக்கிறவர்தான். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு அப்படிச் செய்யவில்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரி அதுவாகவே அங்கே போய்ச் சேர்ந்தது.

"பயப்படாதீங்க மேடம்," என்றார் மயிலக்கா. "எனக்கு இது அஞ்சாவதுங்க. தல கொஞ்சம் கிறுகிறுங்கும், அவ்வளவுதானுங்க."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மதியத்துக்கு மேல் எனக்கு இரண்டு கேஸ் இருந்தது.

அதன் பிறகு ஏழு மாதம். நான் சௌக்கியமாக இருந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். 'நெற்றியில் எது இருந்தாலும் துடைத்துவிட்டு அங்கேதான் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும்' என்று நானே பரிந்துரையும் எழுதினேன். விசாரணைக் குழு பாராட்டியது. என்னைக் கேட்டால் சஷ்வந்தின் எடை, மருந்தின் அளவு, ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு நடந்தது எல்லாவற்றையும் ஒப்பிப்பேன். பரீட்சைக்குப் படித்த மாதிரி எல்லாம் தெரியும்.

தெரிவது வேறு என்பது நேத்ராவின் கேஸில்தான் விளங்கியது. ஆறு வயது. அதே பல் வேலை. நெற்றியில் அழகாகச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்து அனுப்பியிருந்தார்கள். துடைக்காதே என்று அவள் அம்மா கேட்கக்கூட இல்லை. நர்ஸ் பஞ்சை எடுத்தாள். "இருக்கட்டும் விடு, அழகா இருக்கு" என்றேன் நான். நானே சொன்னேன். பிளாஸ்டரை மணிக்கட்டில் ஒட்டினேன். என் பரிந்துரை அந்தச் சுவரிலேயே ஒட்டியிருந்தது.

வேலை முடிந்து குழாயை உருவப்போன நேரம்.

"பேக்கு! பேக்கு இருக்குதுங்க!"

மயிலக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். துடைக்கிறவர்கள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டைத் தாண்டி, ஈரக் கையோடு என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். பல் டாக்டர் கத்தினார். நர்ஸ் கத்தினாள். நான் நேத்ராவின் வாயைத் திறந்து பார்த்தேன். துணி அங்கேதான் இருந்தது. எடுத்தேன். பத்து நிமிடத்தில் அவள் கண் விழித்து, அம்மா எங்கே என்று அழுதாள்.

என் கை நடுங்கவில்லை. மயிலக்காவின் கை நடுங்கியது. ரப்பர் பையை அமுக்கி மூச்சுக் கொடுப்போமே, அதே கணக்கில் அவருடைய வலது கை வெறும் காற்றை அமுக்கிக்கொண்டிருந்தது.

"எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"ஒவ்வொரு புள்ளைக்கும் பாத்துட்டேதானுங்க நிக்கறேன். என்ற கையால வெச்சாப்பலயே இருக்குதுங்க மேடம்."

நேராக ஜெரால்டின் அறைக்குப் போனேன். விஷயம் எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. மனிதர் உற்சாகமாக இருந்தார்.

"பாத்தீங்களா மேடம், பயம் வீணாப் போகல! அவங்ககிட்ட பத்திரமா இருக்கு. இனிமே எல்லா குழந்தை கேஸ்லயும் அவங்களையே நிறுத்திடலாம். பாதுகாப்புத் துணையாளர்னு ஒரு பதவியே போட்டுடலாம்."

கையிலிருந்த பேனாவை அவர்மேல் எறிந்துவிட்டேன். சட்டையில் மை தெறித்தது. எனக்குக் கோபமெல்லாம் நன்றாக வரும், அதை யாரும் இறக்கவில்லை.

"அது என் பயம் ஜெரால்டு. எனக்கு இருக்க வேண்டியது. அது இல்லாம நான் இன்னிக்கு இன்னொரு புள்ளையக் கொன்னிருப்பேன். திருப்பித் தாங்க."

"இதுவரைக்கும் யாரும் திருப்பிக் கேட்டதில்லையே மேடம்."

"முடியுமா, முடியாதா?"

அவர் கைக்குட்டையால் மையைத் துடைத்துக்கொண்டார். "முடியும். அவங்க சம்மதிச்சாகணும்."

மயிலக்கா சூலூரில் ஒரு லைன் வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. இரண்டு பெண்கள் தரையில் சாக்கு விரித்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். மயிலக்காவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. தியேட்டரின் தொளதொள உடையில் எனக்குத் தெரியவில்லை, சேலையில் பார்த்தபோதுதான் எவ்வளவு இளைத்திருக்கிறார் என்று தெரிந்தது. இன்னொருவர் வளர்மதி.

மயிலக்கா பதறி எழுந்தார். வளர்மதி எழவில்லை. "யாருங்கக்கா?" என்று கேட்டார்.

"நான் டாக்டர் இந்துமதி. உங்க பையனுக்கு மயக்கம் குடுத்தது நான்தான்" என்றேன். சொல்வது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

வளர்மதியின் விரல்கள் ஒரு கடலையில் நின்றன. பிறகு அதை உரித்துக் கிண்ணத்தில் போட்டார். "அன்னிக்கு மாஸ்க் போட்டிருந்தீங்க," என்றார். "உக்காருங்க."

எப்படிப் பழக்கம் என்று மயிலக்காவைக் கேட்டேன்.

"மூணாம் மாசம் தேடிட்டுப் போனனுங்க மேடம். பல்லடத்துல தறிக்குப் போறாங்கன்னு விசாரிச்சேன். உன்ற புள்ளைய நாந்தான் கொன்னுட்டேன் அம்மணின்னு கால்ல உழுந்துட்டனுங்க. நான் கூட்டித் தொடைக்கறவன்னும் சொன்னேன். ரெண்டுந்தானுங்க சொன்னேன்."

"மொதல்ல பைத்தியம்னு நெனச்சனுங்க," என்றார் வளர்மதி. "போகச் சொன்னேன். மறுவாரமும் வந்தாங்க. அப்பறம்தான் அந்தத் தொப்பி சமாச்சாரத்தச் சொன்னாங்க. ஆஸ்பத்திரிலருந்து எங்களுக்கு ஒரு லெட்டர் வந்துச்சுங்க, வருந்துகிறோம்னு. யாரு வருந்தறாங்கன்னு அதுல இல்லீங்க. இவங்கதானுங்க வருந்துனாங்க. அவன் எப்படி இருந்தான், கடைசியா என்ன கேட்டான், எல்லாம் அழுதுட்டே சொன்னாங்க. என்ற ஊட்டுக்காரருகூட என்னோட அப்படி உக்காந்து அழுகலீங்க."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அந்தக் கனத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது என்னுடையது என்றேன். மயிலக்கா சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"குடுக்க மாட்டனுங்க."

"ஏங்க்கா?"

"உங்களுக்குக் குடுத்தா மறுபடியும் யாருமேலயாச்சும் எறக்கிருவீங்க. அப்பறம் அந்தப் பையன் கை மாறி மாறி எங்க போயிக் கெடப்பானோ. எங்கிட்ட இருந்தா இருக்கான்னு தெரியுமில்லீங்க."

"இறக்க மாட்டேன்."

"இன்னிக்குச் சொல்லுவீங்க. ஏறுன பொறவுதான் தெரியும்."

வளர்மதிதான் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலீங்களா?"

"இல்லம்மா."

"நல்லாத் தூங்கறீங்களா?"

"தூங்கறேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மயிலக்காவின் முழங்காலில் கை வைத்தார். "குடுத்துருங்கக்கா."

"நீயுமா கண்ணு?"

"பூவரசன் ஊட்டுக்கு வரட்டுங்க்கா." என்னிடம் திரும்பினார். "இவங்க பையனுங்க. ஒம்பது வயசு. சோறு தின்னா வாயத் தொறங்கறாங்க, பள்ளிக்கூடத்துக்குப் பொறப்பட்டா வாயத் தொறங்கறாங்க. தொண்டைக்குள்ள வெரல உட்டுப் பாக்கறாங்க. அவன் பயந்துபோயி அவங்க அத்தை ஊட்டுக்கு ஓடிட்டான். நாலு மாசமாச்சு. என்ற பையன் போனதுக்கு இவங்க பையன் எதுக்குங்க அம்மா இல்லாமக் கெடக்கோணும்?"

மயிலக்கா அழுதார். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சொன்ன மாதிரி அழுதார். கடைசியில் சரி என்றார். நான் கிளம்பும்போது வளர்மதி வாசல்வரை வந்தார்.

"வாங்கிக்கிட்ட பொறவு என்னைய வந்து பாருங்க," என்றார்.

புதன்கிழமை காலை. அதே இரண்டு நாற்காலி. ஜெரால்டு தொப்பிகளை மாட்டினார். தலை கிறுகிறுத்தது. மயிலக்கா சொன்னது சரிதான், கொஞ்சம்தான் கிறுகிறுத்தது.

பிறகு என் வலது கை தானாக அமுக்க ஆரம்பித்தது.

சஷ்வந்த் என்னிடம் கேட்டிருந்தான், "ஊசி போடுவீங்களா ஆன்ட்டி?" என்று. "போட மாட்டேன் கண்ணா, இந்த பலூனை ஊதினாப் போதும்" என்று மாஸ்க்கைக் காட்டினேன். அவன் ஊதினான். என்னை நம்பித்தான் ஊதினான். ஏழு மாதமாக இது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் புதன்கிழமைதான் அவன் ஊதினான். அன்றைக்குத்தான் அவன் செத்தான். நான் அவனைக் கொன்றுவிட்டேன். நாற்காலியிலிருந்து சரிந்து ஜெரால்டின் காலடியில் கிடந்து கத்தினேன். கன்னத்தைத் தரையில் தேய்த்தேன். ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டிருக்கிறேன்.

"மேடம், மேடம், திரும்ப இறக்கிடலாம்!" ஜெரால்டு பயந்துபோய் மயிலக்காவைப் பார்த்தார். அதை வாங்கிக்கொள்ளச் சம்மதக் கையெழுத்துப் போட்டவர் அந்த அறையில் மயிலக்கா ஒருவர்தான்.

நானும் பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடம், ஒரு முழு நிமிடம், நானும் ஆசையாகத்தான் பார்த்தேன். மயிலக்கா கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார். முகம் கழுவியது போல இருந்தது.

"மணி என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். "பையனக் கூட்டியாரோணும். பன்னண்டு மணி பஸ்ஸ உட்டா அப்பறம் மூணுக்குத்தானுங்க."

வேண்டாம் என்று ஜெரால்டிடம் சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆனது.

பதினைந்து நாள் லீவு போட்டேன். மூச்சு எப்படி விடுவது என்று மறுபடியும் பழக வேண்டியிருந்தது. பதினாறாம் நாள் தியேட்டருக்குப் போய் ஒரு பையனின் நெற்றியை நானே துடைத்தேன். துடைக்கும்போது அழுதேன். நர்ஸ் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். அன்று மதியம் பல்லடம் போனேன்.

சாப்பாட்டு நேரம். தறிகள் நின்றிருந்தன. வளர்மதி பஞ்சுத் தூசி படிந்த தலையோடு, கையில் சோற்றுத் தட்டோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. வேப்பமரத்தடியில் கிடந்த சிமெண்ட் பலகையில் உட்கார்ந்தோம்.

"ஏறிருச்சுங்களா?"

"ஏறிடுச்சும்மா."

மயிலக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"போன வாரம் பையனையும் கூட்டிட்டு வந்தாங்க. சதை புடிச்சிருக்குதுங்க. நல்லா சிரிக்கறாங்க. சஷ்வந்தப் பத்திப் பேச்செடுத்தனுங்க. பாவம் அம்மணி, என்ன பண்றது, எல்லாம் விதின்னாங்க." அவர் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "எல்லாரும் சொல்றாப்பலதானுங்க சொன்னாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க. இனி வர மாட்டாங்கன்னு நெனைக்கறேன்."

நான் பலகையை விட்டு இறங்கி அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். நான் அவனைக் கொன்றுவிட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் எதற்கும் நான் அப்படிக் கெஞ்சியதில்லை. தறிக்காரர்கள் சிலர் எட்டிப் பார்த்தார்கள். வளர்மதி தட்டைக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் என் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார்.

"நீங்க வருவீங்கன்னு தெரியுமுங்க. அதனால நானும் உள்ளுக்குள்ள தேடிப் பாத்தனுங்க." அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. "மயிலக்கா வந்து வந்து அழுதாங்கல்ல, ஒரு நா சொல்லிட்டனுங்க, உன்ன மன்னிச்சுட்டேங்க்கான்னு. அந்த ஒரு வார்த்தையச் சொல்றதுக்குள்ள நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அது ஒண்ணுதானுங்க எங்கிட்ட இருந்துச்சு. அது அவங்களுக்குப் போயிருச்சு. அவங்களுக்கு அது இப்ப எதுக்குன்னே தெரியாது. போயிக் கேட்டுத் திருப்பி வாங்கவும் முடியாதுங்க, அதுக்குத் தொப்பி இல்லீங்களே."

வளர்மதி கீழே வைத்த தட்டை எடுத்துக்கொண்டார்.

"இருந்தாக் குடுத்திருப்பனுங்க," என்றார்.

உள்ளே மணி அடித்தது. அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து முகம் கழுவிக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தார். பிறகு தறிக்குப் போனார்.